அடங்கிய நடத்தை மீண்டும் தலைதூக்காமல் இருக்க: பெற்றோருக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் ஒரு வழிகாட்டி

ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றோடு வளரும் பிள்ளைகள் சிலர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். தம் கையைத் தாமே கடிக்கிறார்கள். அருகில் இருப்பவரை அடிக்கிறார்கள். கதவு திறந்ததும் தெருவுக்கு ஓடுகிறார்கள். முறையான பயிற்சியால் இத்தகைய நடத்தைகளைப் பெருமளவு குறைக்க முடியும். ஆனால் மாதக்கணக்கில் அடங்கியிருந்த நடத்தை ஒரு நாள் திரும்பி வரும்போது, குடும்பம் முதல் தடவையைவிட அதிகமாக உடைந்துபோகிறது. வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பயிற்சி மையமும், பயிற்சியே சரியில்லை என்று வீடும் மாறி மாறிக் குறை சொல்லத் தொடங்கினால், இடையில் துன்பப்படுவது பிள்ளைதான். இந்த மீள்வருகை பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய சூழல்களில்தான் நிகழ்கிறது. ஆகவே அதைத் தடுக்கும் ஏற்பாட்டை, நடத்தை அடங்கிய பிறகு யோசிக்காமல், பயிற்சி தொடங்கும் நாளிலேயே திட்டத்துக்குள் வைத்துவிட வேண்டும் என்பதே இங்கே வலியுறுத்தப்படுவது.

நடத்தை ஏன் திரும்புகிறது

ஒரு நடத்தைக்குப் பலன் கிடைப்பது நின்றால் அது குறைகிறது. ஆனால் குறைந்த நடத்தை நினைவிலிருந்து அழிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பௌட்டன் விலங்குகளிடம் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாக்கின: பழைய கற்றல் அப்படியே இருக்கிறது; அதன்மேல் புதிய கற்றல் ஒன்று அமர்கிறது; அந்தப் புதிய கற்றல், அது நிகழ்ந்த இடத்தோடும் சூழலோடும் இறுகப் பிணைந்திருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால், பதினைந்து வயது மகன் பழையபடி கையைக் கடிக்கும்போது, அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்ற கோபம் எழாது. எந்தச் சூழல் மாறியது என்று தேடத் தோன்றும்.

திரும்பி வருவதற்கு நான்கு வழிகள் அறியப்பட்டிருக்கின்றன. முதலாவது, பிள்ளை புதிதாகக் கற்றுக்கொண்ட கேட்கும் முறைக்குப் பலன் கிடைக்காமல் போவது. கடிப்பதற்குப் பதிலாக, தனக்கு வேண்டியதைக் காட்டும் பட அட்டையை நீட்டிக் கேட்கக் கற்றிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அட்டையை நீட்டுகிறான், யாரும் பார்க்கவில்லை. மறுபடி நீட்டுகிறான், அப்போதும் பதில் இல்லை. முன்பு பலன் தந்த வழியைக் கையில் எடுக்கிறான். இரண்டாவது, இடமோ ஆளோ மாறுவது. மையத்தில் அமைதியாக இருந்தவர் வீட்டில் பழையபடி நடந்துகொள்வது இந்த வகை. மூன்றாவது, முன்பு அந்த நடத்தையால் கிடைத்த பொருளோ சலுகையோ, காரணமில்லாமல் திடீரென்று மறுபடி கிடைக்கத் தொடங்குவது. நான்காவது, வெறும் இடைவெளி: கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த முதல் வாரத்தில், வேறு எதுவும் மாறாமலே பழைய நடத்தை சற்று எட்டிப் பார்க்கக்கூடும். இவற்றில் அன்றாடம் அதிகம் காணப்படுவதும், நம் கையில் அதிகம் இருப்பதும் முதல் இரண்டும்தான் என்பதால் இங்கே அவற்றுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

முதலில் உடல்நலம், பிறகு காரணம்

பேச இயலாத பிள்ளைக்குப் பல்வலி, காது வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, தூக்கமின்மை ஆகிய எதையும் சொல்லத் தெரியாது. புதிதாகத் தோன்றிய நடத்தைக்கும் திரும்பி வந்த நடத்தைக்கும் முதல் கேள்வி ஒன்றே: உடலில் எங்காவது நோவு இருக்கிறதா? வலிப்பு நோய்க்கான மருந்து அண்மையில் மாற்றப்பட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலியால் தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு நடத்தைப் பயிற்சி அளிப்பது பலனற்றது, கொடுமையும்கூட.

உடல்நலம் உறுதியானபின், அந்த நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கண்டறிய வேண்டும். 1982-இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையைச் சூழல் மாற்றி மாற்றிச் சோதித்து, ஒரே மாதிரித் தோன்றும் நடத்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் வெவ்வேறு காரணத்துக்காக நிகழலாம் என்று காட்டினார்கள். பிறர் கவனம், விரும்பிய பொருள், பிடிக்காத வேலையிலிருந்து விடுதலை, அந்தச் செயலே தரும் புலனுணர்வு ஆகியவையே பொதுவான காரணங்கள். வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. நடத்தைக்குச் சற்று முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பின்பு என்ன நடந்தது என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில் இரண்டு வாரம் எழுதினாலே பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியவரும்.

எடுத்துக்காட்டாக, மாலையில் எழுத்துவேலை கொடுத்தவுடன் கையைக் கடிக்கும் பதினைந்து வயது மகனை எண்ணிக்கொள்ளுங்கள். கடித்ததும் அம்மா பதறி நோட்டை மூடிவிடுகிறார். கடி அவனுக்கு ஓய்வைப் பெற்றுத் தருகிறது. அப்படியானால் அவனுக்குக் கற்றுத்தர வேண்டியது, கடிக்காமலே ஓய்வு கேட்கும் வழி. 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு முதல், இவ்வாறு நடத்தைக்குப் பதிலாகக் கேட்கும் முறையைக் கற்பிப்பதே இத்துறையின் முதன்மையான வழியாக இருந்துவருகிறது.

நிலைக்கக்கூடிய கேட்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

மீள்வருகையைத் தடுக்கும் வேலை இங்கேயே தொடங்குகிறது. கேட்கும் முறை, பழைய நடத்தையைவிடக் குறைந்த முயற்சியில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "அம்மா, எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஓய்வு வேண்டும்" என்று முழு வாக்கியம் பேசவைக்க வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் களைத்த நேரத்தில் ஒரு கடி அதைவிட எளிது. ஒரு சொல், ஒரு சைகை, ஓர் அட்டை போதும். அடுத்து, அது அறிமுகமில்லாதவருக்கும் புரிய வேண்டும். தாய்க்கு மட்டும் விளங்கும் கைச்சைகையைப் பள்ளி வேன் உதவியாளர் கவனிக்கமாட்டார்; அவர் கவனிக்காத அன்றே பழைய நடத்தைக்கு வாசல் திறக்கிறது. படமும் தமிழ் எழுத்தும் சேர்ந்த அட்டை, பேச்சு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது. அதில் ஒன்று இடுப்புப் பட்டையிலும், ஒன்று பள்ளிப்பையிலும், ஒன்று பாட்டி வீட்டிலும் இருக்கட்டும்.

ஒரே ஒரு வழியோடு நிறுத்தாதீர்கள். அட்டை கொடுப்பது உறுதிப்பட்டபின் கையுயர்த்துவதையும், தோளைத் தொட்டு அழைப்பதையும் கற்றுத்தாருங்கள். ஒரு வழி பலிக்காதபோது பிள்ளை கைவசமுள்ள இன்னொரு நல்ல வழியை முயல்வதற்கு இது இடம் தருகிறது.

கூடவே, பதில் கிடைக்காமல் போவதையும் பாதுகாப்பான முறையில் பழக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் விட்டுப்போகும் பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. பயிற்சி அறையில் ஒவ்வொரு அட்டைக்கும் உடனே பதில் கிடைக்கிறது, உலகத்தில் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளை அமைதியாகவும் வயிறு நிறைந்தும் இருக்கும் வேளையில், அட்டை நீட்டும்போது நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள், இன்னொருவர் பின்னால் நின்று, தோளைத் தொட்டு மறுபடி கேட்க மெல்ல வழிகாட்டட்டும், கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள். பிறகு மறுபடி கேட்டும் பலிக்காவிட்டால் வேறொருவரிடம் போய்க் கேட்பதைப் பழக்குங்கள். இரண்டு மூன்று நொடி தாமதத்தில் தொடங்கினால் போதும்.

இடங்களும் ஆட்களும்

டிரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேர் ஆகியோர் 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், ஓரிடத்தில் கற்பித்துவிட்டு மற்ற இடங்களுக்கும் அது தானாகப் பரவும் என்று காத்திருப்பதே பயிற்சியாளர்களின் வழக்கமாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வாரம் இரண்டு நாள் மையத்தில் ஒரே தெரபிஸ்ட், ஒரே மேசை, ஒரே நாற்காலி. எஞ்சிய நேரம் முழுவதும் நடத்தை பிறந்து வளர்ந்த வீடு. அங்கே அது திரும்பாமல் இருந்தால்தான் வியப்பு.

எங்கே தொடங்குவது என்பதற்கும் ஓர் ஆய்வுத் துணை உண்டு. சார்லஸ் மேஸும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரச்சினை நடத்தை ஏற்கெனவே பலன் பெற்றுவந்த அதே சூழலில் நல்ல நடத்தைக்குப் பரிசுகளைக் குவித்தால், அந்தச் சூழலே பலன் மிகுந்ததாகி, பின்னர் பழைய நடத்தையை நிறுத்துவது இன்னும் கடினமாகலாம். புதிய கேட்கும் முறையை அந்த வரலாறு இல்லாத இடத்தில் முதலில் கற்பித்துவிட்டுப் பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபோது அந்தச் சிக்கல் குறைந்தது. வீட்டளவில் இதன் பொருள் எளிது. மகன் எழுத்துவேலை செய்யும் மேசையில் தொடங்காமல், மொட்டை மாடியிலோ திண்ணையிலோ, அவனோடு இந்தச் சிக்கல் இல்லாத சித்தப்பாவையோ அக்காவையோ வைத்து "ஓய்வு" அட்டையைக் கற்றுத்தாருங்கள். அங்கே அது தயக்கமின்றி வரத் தொடங்கியபின் மேசைக்கு வாருங்கள். மேசையிலும் நிலைபெற்றபின் ஆளை மாற்றுங்கள்: அம்மா, அப்பா, பாட்டி, டியூஷன் ஆசிரியர். அடுத்து நேரத்தை மாற்றுங்கள். பிறகு வேலையை மாற்றுங்கள். ஒரே நாளில் இடம், ஆள், வேலை மூன்றையும் மாற்ற வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்த மாற்றங்களுக்கு ஒத்திகை வையுங்கள். தீபாவளி வெடிச்சத்தம், திருமண மண்டபம், வீடு மாறுதல், புதிய வகுப்பாசிரியர், தம்பி தங்கை பிறப்பு ஆகியவற்றில் பெரும்பாலானவை நாள்காட்டியில் ஏற்கெனவே குறிக்கப்பட்டவை. மண்டபத்துக்கு முதல் நாளே சென்று, கூட்டமில்லாதபோது ஒரு முறை அட்டையைப் பயன்படுத்த வைத்து, கேட்டவுடன் வெளியே அழைத்துவருவது பெரிய உதவி. இவற்றுள் மிகப் பெரிய மாற்றம் பதினெட்டு வயதை ஒட்டி வருவது: பள்ளி முடிந்து தொழிற்பயிற்சி மையத்துக்கோ பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துக்கோ செல்லும்போது இடம், ஆட்கள், வேலை, நண்பர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிடுகின்றன. கடைசிப் பள்ளியாண்டிலேயே புதிய இடத்துக்கு அரைநாள் வீதம் அழைத்துச் சென்று, அங்குள்ளவர் கையாலேயே அட்டைக்குப் பலன் கிடைக்கச் செய்வது, அந்த ஆண்டின் வேறு எந்தப் பாடத்தையும்விட முக்கியமானது என்று உறுதியாகச் சொல்வேன்.

பரிசைக் குறைக்கும் காலமே ஆபத்தான காலம்

கேட்ட ஒவ்வொரு முறையும் ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது. எனவே படிப்படியாகக் காத்திருக்கவும், கொஞ்சம் வேலை முடித்தபின் ஓய்வு பெறவும் பழக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் நடத்தை அதிகம் திரும்புகிறது. 2018-இல் ஆடம் பிரிக்ஸ், வேய்ன் ஃபிஷர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு பரிசைக் குறைத்துக்கொண்டுபோன 25 சிகிச்சைகளில் 19-இல் பழைய நடத்தை மீண்டும் தோன்றியது. அதாவது 76 விழுக்காடு. நிபுணர்கள் நடத்திய சிகிச்சைகளிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் அது நிகழ்வதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

எப்போது கேட்டால் கிடைக்கும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் காணும்படி செய்வது இதற்கு நல்ல பாதுகாப்பு. பச்சை அட்டை மேசையில் இருந்தால் கேட்டவுடன் ஓய்வு. சிவப்பு இருந்தால் சற்றுப் பொறுக்க வேண்டும். முதலில் சிவப்பு சில நொடிகளே இருக்கட்டும். பிள்ளை அமைதியாகக் காத்திருந்த நாட்கள் தொடர்ந்தால் மட்டும் அதைப் பத்து நொடி, இருபது நொடி, ஒரு நிமிடம் என்று நீட்டுங்கள். பலன் இல்லாத நேரம் தெளிவாக அறிவிக்கப்படும்போது, பிள்ளை வீணாகக் கேட்டு ஏமாறுவதில்லை. அந்த ஏமாற்றம்தான் பழைய நடத்தையைத் தூண்டிவிடுகிறது. இந்த அட்டைகளைப் புதிய இடங்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். பழகிய அடையாளம் புதிய இடத்தையும் ஓரளவு பழகியதாக்குகிறது. சிவப்பு நேரம் வெறுமையாக இருக்கக் கூடாது: கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளோ, எளிதாகச் செய்யக்கூடிய சிறு வேலையோ இருக்கட்டும். பேச்சுக் கருவியையோ பட அட்டைப் புத்தகத்தையோ பிள்ளையின் கையிலிருந்து எடுத்துவிட்டு "இப்போது கேட்க முடியாது" என்று காட்டும் முறையை நான் ஏற்பதில்லை. அது அவருடைய குரல். கேட்கலாம், விடைதான் "பொறு" என்று இருக்க வேண்டும்.

அதோடு, தொடக்கத்தில் பரிசை அளவுக்கு மீறிக் கொட்டாதீர்கள். ஒரு சூழலில் பலன் எவ்வளவு செறிவாகக் கிடைக்கிறதோ, அந்தச் சூழலில் நடத்தைகள் அவ்வளவு உறுதியாக வேரூன்றுகின்றன என்பது ஜான் நெவின் வளர்த்தெடுத்த கோட்பாடு. புதிய முறை கற்றுக்கொள்ளப் போதுமான அளவு கொடுத்தால் போதும்.

எல்லாருடைய கையிலும் ஒரே தாள்

பயிற்சியைப் பெற்றவர் அம்மா ஒருவர் மட்டும் என்றால், அவர் காய்ச்சலில் படுத்த அன்று திட்டமும் படுத்துவிடும். ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். பிள்ளை எப்படிக் கேட்பார், கேட்டால் என்ன செய்ய வேண்டும், கலக்கம் தொடங்குவதன் அறிகுறிகள் யாவை, அப்போது என்ன சொல்ல வேண்டும், எதைச் செய்யக் கூடாது, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பவை எளிய தமிழில் இருந்தால் போதும். தாளைக் கொடுப்பதோடு நிற்காமல் ஒரு முறை செய்துகாட்டி, அவரையும் உங்கள் முன் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

தாத்தா பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேரன் அழுதால் கைபேசியைக் கையில் கொடுத்துவிடும் பாட்டியின் அன்பில் குறை காண ஒன்றுமில்லை. "கொடுக்காதீர்கள்" என்று தடுத்தால் அவர் மனம் புண்படும். நீங்கள் இல்லாதபோது கொடுப்பார். மாறாக, அவன் அமைதியாக இருக்கும்போதே "கேள் கண்ணா" என்று சொல்லி, அட்டையை நீட்டியவுடன் அவரே கைபேசியைத் தரும்படி செய்யுங்கள். கொடுக்கும் மகிழ்ச்சி பாட்டிக்குக் கிடைக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்ற பாடம் பேரனுக்கு உறுதிப்படுகிறது.

தினமும் ஓர் எண் எழுதிவைப்பதைக் கைவிடாதீர்கள்: இன்று எத்தனை முறை கடித்தான், எத்தனை முறை அட்டை கொடுத்தான். சமையலறை நாள்காட்டியிலேயே எழுதலாம். கடிப்பது கூடும் முன்பே அட்டை கொடுப்பது குறைவதுண்டு. அதுவே முதல் எச்சரிக்கை. முனகல் மாறுவது, கால்மாற்றி நடப்பது, மூச்சு வேகமாவது போன்ற சிறு அறிகுறிகளையும் குறித்துக்கொண்டு, அந்த நிலையிலேயே அட்டையைச் சுட்டிக்காட்டினால் பெரிய நடத்தைக்குப் போக வேண்டிய தேவை ஏற்படாது.

திரும்பி வந்துவிட்டால்

முதலில் பாதுகாப்பு. கடிக்கும் வாய்க்கும் கைக்கும் இடையிலோ, முட்டும் தலைக்கும் சுவருக்கும் இடையிலோ மெத்தையோ தலையணையோ வையுங்கள், மற்ற பிள்ளைகளை அகற்றுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். அடிப்பது, திட்டுவது, கட்டிவைப்பது கூடவே கூடாது. முடிந்தால் அட்டையைச் சுட்டிக்காட்டி, கலக்கம் சற்றுத் தணிந்தவுடன் அவரைக் கேட்க வைத்து, கேட்டதைக் கொடுங்கள். இரத்தம் வரும் அளவுக்குக் காயம் நேரும் என்றால் தயங்காமல் வேலையை நிறுத்திவிடுங்கள். விட்டுக்கொடுத்தால் பழக்கம் வலுப்படும் என்பது உண்மையானாலும், ஒரு கண்ணையோ தலையையோ பணயம் வைக்கும் அளவுக்கு அது பெரிய இழப்பு அன்று.

மறுநாள், கடைசியாக வெற்றி பெற்ற படிக்குத் திரும்புங்கள். சிவப்பு ஒரு நிமிடத்துக்கு வந்திருந்தால் இருபது நொடிக்கு இறக்குங்கள். சில நாட்களில் நிலைபெற்றபின் மீண்டும் ஏறலாம். அதே நாளில் நோட்டைத் திறந்து, உடல்நலம், மருந்து, தூக்கம், புதிய ஆள், புதிய இடம், பதில் கிடைக்காத அட்டைகள் என ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு நாள் திரும்பியது முழுத் தோல்வி என்று திட்டத்தையே மாற்றிவிடுவதுதான் மிகுந்த சேதம் விளைவிக்கிறது, ஏனெனில் மாற்றம் என்பதே பிள்ளைக்கு இன்னொரு புதிய சூழல்.

மருந்து உட்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டிசத்தோடு கூடிய கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் ரிஸ்பெரிடோன் பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மாதத்துக்கும் மேலாக அதனால் பயனடைந்த பிள்ளைகளில், மருந்தை மெல்ல விலக்கி, மருந்தில்லாத போலி மாத்திரை தரப்பட்டவர்களில் 62.5 விழுக்காட்டினரிடம் நடத்தை திரும்பியது. தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் அது 12.5 விழுக்காடுதான். உடல் எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளால் மருந்தை நிறுத்த விரும்புவது நியாயமே. ஆனால் அதை மருத்துவரோடு பேசி, பள்ளி மாற்றமோ வீடு மாற்றமோ இல்லாத அமைதியான காலத்தில், படிப்படியாகச் செய்யுங்கள்.

தலை, கண் ஆகியவற்றுக்குக் காயம் நேரும் நடத்தை, பிறருக்குப் பெருங்காயம் விளைவிக்கும் நடத்தை, உண்ணத்தகாதவற்றை விழுங்கும் நடத்தை ஆகியவற்றை வீட்டில் தனியாகக் கையாள முயல வேண்டாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஆகியவற்றை அணுகலாம். செல்லும்போது மூன்று கட்ட நோட்டு, நாள்காட்டி எண்கள், மருந்துச் சீட்டுகள், நடத்தை நிகழ்ந்தபோது கைபேசியில் எடுத்த சிறு காணொளி, வீட்டில் பயன்படுத்தும் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை வெளியூரில் புதிய அறையில் காத்திருக்கும் அந்த நேரத்துக்கும் பச்சை, சிவப்பு அட்டைகள் தேவைப்படும்.